பசியின் நாட்காட்டி
(எளாவூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு)

 

இந்தச் சொற்பொழிவுக்குப் பசி என்ற பொருளை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் இந்த ஊர் இருக்கும் இடம். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையும் கூடூர் போகும் ரயில் பாதையும் எளாவூரை ஒட்டிச் செல்கின்றன. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே பழவேற்காடு ஏரி. வடக்கே ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். இவ்வளவு சரக்கும் இவ்வளவு ஆட்களும் கடந்து போகிற இடத்தில் பசி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது. ஆண்டு முழுவதும் எல்லா வீட்டிலும் இல்லை. இன்ன மாதத்தில் இன்னார் வீட்டில் என்று வந்து போகிறது. நாம் செய்யும் அன்னதானமோ கோயில் திருவிழா, பிறந்தநாள், திதி என்று வேறு நாட்களில் நடக்கிறது. பசிக்கு ஒரு நாட்காட்டி, ஈகைக்கு ஒரு நாட்காட்டி. இரண்டையும் பொருத்தி வைப்பதே ஓர் உணவு வங்கியின் ஆண்டு முழுவதுமான வேலை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை அதற்கான விளக்கம்.

கஞ்சித் தொட்டியும் கால்வாயும்

ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய வடசென்னைக்காரர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். ஹைதர் அலியுடன் நடந்த போரின்போது ஊரை விட்டு ஓடி வந்தவர்களுக்காக 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சிக்கு வந்தவர்களில் பலர் நோயாளிகள். அதனால் 1799இல் அங்கேயே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அதுவே பிறகு பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. பசித்தவரை அருகில் வைத்துப் பார்த்தால் அவருடைய மற்றத் தேவைகளும் தெரியவரும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே இருக்கும் சான்று இது.

இன்னொரு சான்று கசப்பானது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே சில்லறைக் காசு போதும் என்று அளவு வகுத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். மண் சுமக்கிற உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். அந்தப் பஞ்சத்தில்தான், கூலிக்கு வந்த பஞ்சைகளின் கையால், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. இன்று நமக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அது. எவ்வளவு சோறு போதும் என்பதைச் சாப்பிடுகிறவரைக் கேட்காமல், கொடுக்கிறவரே தீர்மானித்ததன் விளைவை அந்தப் பஞ்சம் காட்டியது.

வடலூரும் பீனிக்ஸும்

வள்ளலாரின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர் பொன்னேரிக்கு அருகே உள்ள சின்னக்காவணம். கணவர் மறைந்த பின் கைக்குழந்தையாக இருந்த இராமலிங்கத்தோடும் மற்றப் பிள்ளைகளோடும் அவர் வந்து தங்கியதும் அங்கேதான். பசித்தவருக்குச் சோறிடுவதைத் தம் நெறியின் உயிராக வைத்தவர் சிறு வயதில் வளர்ந்த மண்ணுக்கு நாம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

அவர் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்காக அவ்வூர் மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.  தருமச்சாலையில் எல்லோரும் பார்ப்பது அந்த அடுப்பை. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதன் நிர்வாகத்தை. விசேஷ நாள் என்று காத்திராமல், சாதி மதம் கேட்காமல், வந்தவருக்கு வந்த நேரத்தில் சோறு. அதற்கு நிலம், தானியம், ஆள், பொறுப்பு என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த பிறகே அடுப்பு மூட்டப்பட்டது.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1967இல், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உலகின் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு சமையற்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தவர் அவர். கடைகள் கழித்துப் போடுவதிலிருந்து பிள்ளைகளுக்கு உணவு எடுத்து வந்த ஒரு தாய், மிஞ்சியவர் போட்டு வைக்கவும் இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். ஒரு தேவாலயம் கொடுத்த பழைய கட்டடத்தில் அந்த இடம் உருவாயிற்று. வடலூர் சமைத்துக் கொடுக்கிறது. பீனிக்ஸ் பொருளாகச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது. எளாவூருக்கு இரண்டும் வேண்டும், எதை எப்போது என்று அறிந்து.

அரிசி இருக்கிறது, ஆள் இருக்கிறார்

தமிழ்நாட்டில் அரிசிப் பஞ்சம் இல்லை. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. பள்ளியில் 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த திட்டம், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அடுத்தடுத்து வந்தன. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவை 2024 ஜூலை 15 அன்று விரிவாக்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். இந்தப் பெருமை நமக்கு உண்டு.

ஆனாலும் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) சொல்வதைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேர், இரத்த சோகை உள்ளவர்கள். வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை. சோற்றோடு பருப்பும் எண்ணெயும் முட்டையும் கீரையும் போதிய அளவு சேராததன் அடையாளம் இது.

அரிசியிலும் ஒரு கசிவு உண்டு. எளாவூர் சோதனைச் சாவடியில் ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தி நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஏழைக்கென்று ஒதுக்கிய அரிசி மூட்டை மூட்டையாக வடக்கே போகிறது. அதே சாலையில் வடக்கேயிருந்து வேலை தேடி ஆட்கள் வருகிறார்கள். பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்தவர். அவர்களுடைய ரேஷன் அட்டை ஊரில் அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்கும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கடைசி மாநிலமாக அசாம் 2022 ஜூனில் சேர்ந்தது. அதன்படி பிற மாநில அட்டைக்காரர் நம் கடையிலேயே விரல் ரேகை வைத்துத் தம் பங்கான மாதம் 5 கிலோ தானியத்தை வாங்கலாம். மிச்சப் பங்கை ஊரில் குடும்பத்தார் வாங்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரி முதல் அந்தத் தானியத்துக்குக் காசும் கிடையாது. கடைக்குப் போனால் கிடைக்கும் என்று அந்தத் தொழிலாளிக்கு அவர் மொழியில் எடுத்துச் சொல்ல நம் தெருவில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அப்படியே வாங்கினாலும் அவருக்குக் கிடைப்பது தானியம் மட்டும். கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாட்டு அட்டைக்குத்தான். சிப்காட்டைச் சுற்றியுள்ள தொழிலாளர் அறை ஒன்றை எட்டிப் பாருங்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். பகல் ஷிப்ட் போனவர் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவர் படுத்திருப்பார். மூலையில் ஐந்து கிலோ சிலிண்டர், அதன்மேல் பெரிய பாத்திரத்தில் சோறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும். சம்பளம் கைக்கு வந்த வாரம் முட்டை இருக்கும். மாதக் கடைசியில் உருளைக்கிழங்கும் குறையும். மளிகைக் கடை நோட்டில் கடன் ஏறியிருக்கும்.

எளாவூரின் பசி மாதங்கள்

இனி நாட்காட்டியைப் பிரிக்கலாம்.

முதலில் கோடை. பள்ளி மூடியதும் காலை உணவும் மதிய உணவும் நின்றுவிடும். இரண்டு வேளையும் பள்ளியில் சாப்பிட்ட குழந்தை, மே மாதத்தில் அந்த இரண்டு வேளைக்கும் வீட்டை நம்பி நிற்கிறது. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இதோடு சேர்ந்து வருகிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிற குடும்பத்தில் வருமானமும் பள்ளிச் சோறும் ஒரே நேரத்தில் நிற்கின்றன.

அடுத்தது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை செங்கல் சூளை எரியாது. கட்டட வேலை குறையும். உப்பங்கழியில் தண்ணீருக்குள் அமர்ந்து, பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இந்தப் பக்கத்தவர் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வந்தால் அவர்களுக்கு அன்றைய பாடு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் நம் மாவட்டத்தையும் மூழ்கடித்தபோது, அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உலை வைப்பவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். முகவரிச் சான்று இல்லாததால் அட்டையே வாங்காத இருளர் குடும்பங்களுக்கு மழைக்காலம் இரட்டைத் துன்பம்.

மூன்றாவது பசிக்கு மாதம் கிடையாது. புதிதாக வந்து இறங்கிய தொழிலாளியின் முதல் மாதம் அது. வேலை செய்து முடித்து, சம்பளத் தேதி வரும்வரை, மேஸ்திரி கொடுக்கும் கைச்செலவுக் காசில்தான் சாப்பாடு. அந்த முப்பது நாற்பது நாளில் வாங்கிய கடன்தான் பலரை ஆண்டு முழுவதும் துரத்துகிறது. 2020இல் ஊரடங்கு வந்தபோது வேலையும் கூலியும் ஒரே நாளில் நின்று, இந்த நெடுஞ்சாலையில் மூட்டையோடு வடக்கு நோக்கி நடந்தவர்களுக்கு வழியோர ஊர்க்காரர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். அந்தக் கை இன்னும் இருக்கிறது. அதற்கு ஓர் ஒழுங்கு மட்டும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஒன்று: நம் ஊர் உணவு வங்கிக்குச் சேர்க்கும் பொருளில் அரிசிக்கு முன்னால் பருப்பு, எண்ணெய், முட்டை, வேர்க்கடலை, வெல்லம் வரட்டும். அரசு கொடுப்பதை நாமும் கொடுப்பதைவிட, அது எட்டாத இடத்தை நிரப்புவோம். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் முன்பே கிடங்கு நிறைந்திருக்க வேண்டும். முன்னால் வந்த மூட்டை முன்னால் வெளியே போக வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் தேதி எழுத வேண்டும்.

இரண்டு: சமைத்த உணவில் எச்சரிக்கை வேண்டும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை மறுநாள் கொடுப்பது தருமம் ஆகாது. மிகுதி உணவைச் சேகரித்து வழங்குவதற்கு 2019இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே வகுத்திருக்கிறது. எடுத்த நேரம், கொடுத்த நேரம், எந்த வகை உணவு என்று குறித்து, கெடுவதற்குள் சேர்க்க வேண்டும். பெரிய ஆலையில் உணவகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறு பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பெரிய ஆலையின் சமையற்கூடத்தில் கூடுதலாக ஓர் அண்டா ஏற்றிப் பக்கத்துப் பட்டறைக்கும் அனுப்பச் சொல்லி நாம் கேட்கலாம். மிச்சத்தைக் கேட்காமல் பங்கைக் கேட்போம்.

மூன்று: வாரம் ஒரு நாள் ஒரு மேசை போடுவோம். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்த ஒரு தொழிலாளியும் நம் பள்ளி முடித்த ஒரு பிள்ளையும் அதில் உட்காரட்டும். அட்டை எண் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா, எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லட்டும். இருளர் குடும்பங்களுக்கு அட்டை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். அமைப்புசாராத் தொழிலாளர் பதிவேட்டில் சேர்ந்தவர்களில் சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்று கண்டு, அவர்களுக்கு அட்டை வழங்க உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. சட்டம் தந்த உரிமையை வாங்கித் தருவது நூறு பொட்டலம் கொடுப்பதைவிடப் பெரிய அன்னதானம்.

நான்கு: பொட்டலம் வாங்கும் கையைப் படம் எடுக்கக் கூடாது. பசித்து வந்தவர் தலை நிமிர்ந்து வாங்கிப் போக வேண்டும். எது தேவை, எவ்வளவு தேவை என்று அவரையே கேட்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஓர் இருளர் பெண்ணும் ஒரு வெளிமாநிலத் தொழிலாளியும் உறுப்பினராக இருக்க வேண்டும். தாது வருஷத்தில் செய்த தவறை நாம் திரும்பச் செய்யாதிருக்க இதுவே வழி.

கடைசியாகக் கணக்கு. எந்த மாதம் என்ன வந்தது, யாருக்குப் போனது, எத்தனை குடும்பம் புதிதாக அட்டை வாங்கியது, எது கெட்டுப் போனது என்று எழுதி வையுங்கள். அதை அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவு தொடங்கும் முன் ஊரறியப் படியுங்கள். இந்த மேடைக்கு வருகிறவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், மே மாதத்திலும் நவம்பரிலும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அந்தக் கணக்குத்தான் சொல்லும்.