கல் சுமந்தோரும் கல் எடுத்தோரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டை உலகின் பெருஞ்சின்னங்களைப் பற்றி இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாம் கற்றது மெட்ரிகுலேஷன் வரையில். செய்வதோ இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை. சிற்பத்தின் அழகை ஆராய்ந்துரைக்கும் தகுதி நமக்கு இல்லை. ஆயினும், எத்தனை கல் வந்தது, எவர் கொண்டுவந்தார், பின்னர் அது எங்கே போயிற்று என்று கேட்பது எம் தொழிலோடு வந்த பழக்கம். அப்பழக்கத்தைத் துணையாகக் கொண்டே இன்று பேச முன்வந்தோம்.

சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள், தாம் அறிந்த உலகில் காணத்தக்கவை என்று ஏழு அதிசயங்களை எண்ணிப் போற்றினர். கீசாவின் பெரிய பிரமிடு, பாபிலோனின் தொங்கும் தோட்டம், ஒலிம்பியாவின் சீயஸ் சிலை, எபேசு நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயில், ஹாலிகார்னாசஸ் நகரத்துக் கல்லறை மாளிகை, ரோட்ஸ் தீவின் வெண்கலச் சிலை, அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் ஆகியவையே அவை. தொங்கும் தோட்டம் இருந்த இடத்துக்கே இன்றளவும் உறுதியான அடையாளம் கிடைக்கவில்லை. வேறு ஐந்தும் அழிந்தன. எல்லாவற்றினும் மூத்ததாகிய பிரமிடு ஒன்றே நின்று நிலவுகிறது.

அதனை எழுப்பியவன் கூஃபு என்னும் எகிப்திய மன்னன். காலம் ஏறத்தாழ கி.மு. 2560. கட்டி முடித்த நாளில் அதன் உயரம் சுமார் 146 மீட்டர். அதில் அடுக்கிய கற்கள் சுமார் 23 லட்சம் என்று மதிப்பிடுகின்றனர். அடிமைகளைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கினார்கள் என்று நெடுங்காலம் கதை வழங்கிற்று. 1990இல் பிரமிடின் அருகிலேயே அதனைக் கட்டிய தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. அரசனது சமாதியின் பக்கத்தில் மரியாதையுடன் அடக்கம் பெற்றவர்கள் அடிமைகளாக இருந்திருக்க இயலாது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இதனினும் எம் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. 2013இல் செங்கடற் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்னும் பழந்துறைமுகத்தில், பியர் தாலே என்ற பிரெஞ்சு அறிஞரின் குழுவினர் சில பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தனர். எழுத்துள்ள பாப்பிரஸ் ஏடுகளில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. அவற்றில் மன்னர் புகழ் பாடும் காவியம் ஏதும் இல்லை. மெரெர் என்னும் ஒரு மேற்பார்வையாளரின் நாட்குறிப்பும், தானியம், ரொட்டி முதலியவற்றின் கணக்குகளும் இருந்தன! நைல் நதியின் கீழ்க்கரையில் தூரா என்னுமிடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் எடுத்து, படகில் ஏற்றி, கீசாவில் இறக்கித் திரும்புவதே மெரெரின் ஆட்களுடைய பணி. பத்து நாட்களில் இரண்டு மூன்று நடை. இன்று எங்கே ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம் என்று நாள்தோறும் குறிப்பு. சரக்கு ஏற்றி இறக்கும் பதிவேட்டை இத்தனை ஆண்டுகளாக எழுதி வரும் நமக்கு, இதனைப் படித்தபோது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து ஒரு சக ஊழியர் கைகூப்பினாற்போல் இருந்தது.

மெரெர் கொண்டுசேர்த்த வெண்கற்கள் பிரமிடின் மேற்பரப்பை மூடும் போர்வைக்காக வந்தவை என்பர். அப்போர்வை இன்று எங்கே? 1303இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் பல கற்கள் தளர்ந்தன. அவற்றைப் பெயர்த்தெடுத்துக் கெய்ரோ நகரத்தின் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். அடிவாரத்தில் சில வரிசைக் கற்களே எஞ்சின. பிரமிடின் உயரமும் இன்று சுமார் 138 மீட்டராகக் குறைந்துள்ளது.

ஹாலிகார்னாசஸின் கதையும் இத்தகையதே. கி.மு. 353இல் மறைந்த மௌசோலஸ் என்னும் அரசனுக்கு அமைந்தது அக்கல்லறை மாளிகை. நிலநடுக்கங்களால் அது சிதைந்த பின்னர், புனித யோவான் வீரர்கள் அதன் கற்களைக் கொண்டு தம் கோட்டையைக் கட்டி வலுப்படுத்தினர். சலவைக் கல்லைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். இன்று அவ்வூர் துருக்கி நாட்டின் போட்ரம். கோட்டைச் சுவர்களில் அம்மாளிகையின் கற்களை இன்றும் காணலாம். அலெக்சாந்திரியாவின் விளக்கம் நின்ற இடத்தில் 1477இல் கைத்பே சுல்தான் ஒரு கோட்டை எழுப்பினார். விழுந்து கிடந்த கற்களும் அதற்கு உதவின.

இவர்களுள் எவரையும் கொடியவர் என்று நாம் சொல்லோம். வீடு வேண்டியவன் வீட்டிற்கு எடுத்தான். கோட்டை வேண்டியவன் கோட்டைக்கு எடுத்தான். ஆளுக்கொரு கல் என்று போனதால் அதிசயமே போயிற்று.

பிற நாட்டார் குறையை இவ்வளவு கூறிவிட்டு, எம் துறையின் குறையை மறைப்பது நேர்மையாகாது. மெரெர் கல் ஏற்றிய அந்நூற்றாண்டுகளிலேயே பஞ்சாபில் ஹரப்பா நகரம் செழித்திருந்தது. கனம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு என்ற அளவில் ஒரே சீராகச் சுட்ட செங்கற்களால் கட்டிய நகரம் அது. லாகூர்-மூல்தான் இருப்புப்பாதை போட்டபோது, தண்டவாளத்தின் அடியில் ஜல்லிக்குப் பதிலாக அச்செங்கற்களை உடைத்துக் கொட்டினார்கள். தாம் 1853இலும் 1856இலும் கண்ட சுவர்கள் பின்னர் சென்றபோது இல்லை என்றும், சுமார் 100 மைல் பாதைக்கு அச்செங்கல் போதியதாயிற்று என்றும் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதினார். 1921இல் தயாராம் சாஹ்னி அங்கே அகழத் தொடங்கிய பிறகே அது எவ்வளவு தொன்மையான நாகரிகம் என்பது உலகிற்குத் தெரியலாயிற்று. அதற்குள் ஒரு பெரும்பகுதி வண்டிச் சக்கரங்களின் கீழ்ப் போய்விட்டது. அந்த ஜல்லிக்கும் எவரோ ஒரு குமாஸ்தா கணக்கு எழுதியிருப்பார். இத்தனை வேகன், இத்தனை நடை என்று தவறின்றி எழுதியிருப்பார். அது என்ன செங்கல் என்று அவர் கேட்டிருப்பாரா? அவ்விடத்தில் இருந்திருந்தால் நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

இதனை உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் காலனியின் பின்மதிலுக்கு அப்பால் இடிந்த பழைய மண்டபம் ஒன்று இருப்பதை அனைவரும் அறிவீர்கள். அதன் மெல்லிய செங்கற்கள் நம் பூந்தோட்டப் பாத்திகளுக்கு வரம்பாக இருக்கின்றன. துளசி மாடங்களில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலன்று அடுப்புக் கூட்டுவதற்காக நாமும் நான்கு செங்கல் கொண்டுவந்தோம். பொங்கல் நன்றாகவே பொங்கிற்று. எவரும் தடுக்கவில்லை, நமக்கும் உறுத்தவில்லை. ஹரப்பாவின் வரலாற்றைப் படித்த பின்னரே உறுத்தத் தொடங்கிற்று. அந்நான்கில் உடையாதிருந்த மூன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். நான்காவது திரும்பாது.

மண்டபத்தைக் கட்டியவர் எவர் என்பதை நாம் அறியோம். நம் மொழியினர் அல்லர். நம் ஊரினரும் அல்லர். ஆனால் பிழைப்பு நாடி வந்த நமக்கு இவ்வூர் இடம் கொடுத்திருக்கிறது. வந்த ஊரின் பழமையைக் காப்பதும் நாம் செலுத்த வேண்டிய வாடகையுள் ஒரு பகுதியே ஆகும். நம் நாட்டின் தொன்மையான சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எனினும் பட்டியலில் இடம்பெறாத சிறு சின்னங்களுக்கு அருகில் குடியிருப்போரே காவலர்.

ஆகவே சங்கத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கிறோம். அம்மண்டபத்தைப் பார்வையிடுமாறு தொல்பொருள் துறைக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அதனை எழுதித் தரும் பணியை நாம் ஏற்கிறோம். அடுத்து, வரும் பொங்கலுக்கு அடுப்புச் செங்கற்களைக் காளவாயிலிருந்து விலைக்கே வாங்க வேண்டும். அதன் செலவும் எம்முடையதே.