தேர்தல் நடந்தது, போட்டி நடந்ததா?

(இலண்டனில் ஆற்றுவதற்கென எழுதப்பட்ட உரை)



"இலங்கையில் தேர்தல்கள் நடந்துகொண்டுதானே இருந்தன, பிறகென்ன குறை?" என்ற கேள்வியை இந்நாட்டில் வளரும் எம் இளையோர் ஒருநாள் எதிர்கொள்ள நேரும். அதற்கு உணர்ச்சியால் மட்டுமன்றி, அளவுகோலாலும் விடையளிக்க வேண்டும்.

முதலாவது அளவுகோல் ஆசனக் கணக்கு. 1977 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கோ 8 மட்டுமே. அரசறிவியலார் ஒவ்வொரு கட்சியின் ஆசனப் பங்கையும் வர்க்கித்துக் கூட்டி, அத்தொகையால் ஒன்றை வகுப்பர். சம பலமுள்ள இரு கட்சிகள் இருப்பின் விடை 2. அப்பாராளுமன்றத்துக்குக் கிடைக்கும் விடை 1.4.

ஆயினும் இவ்வெண் மட்டும் போதாது. பிரித்தானியாவில் 2024இல் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 வீத வாக்குகளுடன் 63 வீத ஆசனங்களைப் பெற்றது. ஆனால், 14 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்று, பிரதமர் மறுநாளே பதவி விலகினார். எனவே மெய்யான கேள்வி, ஆள்வோர் தோற்கக்கூடிய களமா என்பதே.

1982 டிசம்பர் 22ஆம் நாள் சர்வசன வாக்கெடுப்பை இக்கேள்வியால் அளந்து பாருங்கள். பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீடிக்க 'ஆம்' என்றோர் 54.7 வீதம், 'இல்லை' என்றோர் 45.3 வீதம். எண்ணளவில் நெருக்கமான போட்டி! ஆனால் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டிருந்தன. வாக்கெடுப்பு அவசரகாலச் சட்டத்தின்கீழ் நடைபெற்றது. ஜனாதிபதி ஜெயவர்த்தனா தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத பதவி விலகற் கடிதங்களை முன்கூட்டியே பெற்றிருந்தார்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் 91 வீதத்தினர் 'இல்லை' என்றனர். அம்மறுப்பு எதையும் மாற்றவில்லை. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தை வற்புறுத்தியது. அதை ஏற்காத கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. இடைவெளி பதினொன்றரை ஆண்டுகள்!

அளவுகோல் யாவருக்கும் பொதுவானது. 1994இலும் 2015இலும் ஆண்டோர் தோற்றனர் என்பதையும் அது பதிவு செய்யும். 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பின்கீழ் யாழ்ப்பாணத்தில் 1.2 வீதத்தினரே வாக்களித்தனர். அதையும் அதே அளவுகோலால் அளப்பதே நேர்மை.

ஆகவே இளையோரே, எந்நாட்டுத் தேர்தலையும் மூன்று கேள்விகளால் அளவிடுங்கள். போட்டியிட விரும்பியோர் போட்டியிட முடிந்ததா? எதிர்த்தரப்பு அச்சமின்றிப் பேச முடிந்ததா? தோற்றால் ஆள்வோர் விலகுவார்களா? பெற்றோர்களே, யாழ்ப்பாணத்தில் 'இல்லை' என வாக்களித்தோர் உங்களிலும் இருக்கலாம். அந்த நாளை உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். புள்ளிவிபரத்தை அவர்கள் தேடிக்கொள்வார்கள். அதன் பொருளை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.