பிறந்த நாளில் புறப்பட்டவர்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் நம் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி என்பது ஒரு பங்கின் பிறந்த நாள். ஆகவே பிறந்த நாளைப் பற்றியே இரண்டு வார்த்தை பேசலாம் என்று எண்ணினோம். அதிலும், வீட்டை விட்டு, நாட்டை விட்டு, தொண்டர் குழுவோடு போன இடத்தில் வருகிற பிறந்த நாளைப் பற்றி. இது நமக்குத் தூரத்து விஷயமன்று. செவிலியராக, கன்னியராக, தொண்டராகக் கடல் கடந்து போன பிள்ளைகள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுடைய பிறந்த நாள் வந்தால், "என் பிள்ளை இன்று என்ன சாப்பிட்டதோ, ஒரு வாய் பாயசம் வைத்துக் கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்" என்று இங்கே தாய் கலங்குகிறாள். அந்தக் கலக்கத்துக்குத் திருச்சபையின் வரலாற்றில் பதில் உண்டா என்று பார்ப்போம்.

நற்செய்தி நூல்களில் பிறந்த நாள் விருந்து ஒன்றுதான் வருகிறது. அது ஏரோது அரசன் வைத்த விருந்து. ஆட்டமும் பாட்டமுமாகத் தொடங்கிய அந்த விருந்து, ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டியதில் முடிந்தது. அதற்காகத் திருச்சபை பிறந்த நாளை வெறுக்கவில்லை. ஆண்டவர் பிறந்த நாளை டிசம்பர் 25-லும், தேவதாயின் பிறந்த நாளை செப்டம்பர் 8-லும், அதே அருளப்பரின் பிறந்த நாளை ஜூன் 24-லும் கொண்டாடுகிறோம். பிறந்தவர் எதற்காகப் பிறந்தார் என்பதை நினைத்துக் கொண்டாடுகிற நாட்கள் இவை.

இப்போது புனித சவேரியாரிடம் வருவோம். அவர் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். இந்தியாவுக்கு வர முதலில் குறிக்கப்பட்டவர் அவர் அல்லர். பொபதில்லா என்னும் தோழர். அவர் நோயில் விழவே, 1540 மார்ச் மாதம் புனித இஞ்ஞாசியார் சவேரியாரைக் கேட்டார். சவேரியார் தயங்கவில்லை, கிழிந்த துணிகளைத் தைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

லிஸ்பன் துறைமுகத்தில் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். கடைசியில் கப்பல்கள் பாய் விரித்த நாள் எது தெரியுமா? 1541 ஏப்ரல் 7. அன்று அவருக்கு 35 வயது நிறைந்தது. கூட வந்தவர்களில் இத்தாலியரான பவுல் என்னும் குருவும், மான்சிலாஸ் என்னும் போர்த்துக்கீசிய இளைஞரும் முக்கியமானவர்கள். பணிவிடைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளும்படி அரச அதிகாரி வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. தம் துணியைத் தாமே துவைத்தார், கப்பலில் நோயாளிகளுக்கு ஊழியம் செய்தார். இரண்டு மாதம் கடல் மயக்கத்தால் வருந்தியதாகத் தாமே எழுதியிருக்கிறார். அடுத்த பிறந்த நாள் வந்தபோதும் பயணம் முடியவில்லை. 1542 மே 6-இல்தான் கோவாவில் கால் வைத்தார்.

சகோதரர்களே, இன்னொரு ஏப்ரல் 7-ஐயும் நாம் மறக்கக்கூடாது. 1545-ஆம் ஆண்டு அந்த நாளில் சவேரியார் நம் தமிழ் மண்ணிலேயே இருந்தார். வேளாங்கண்ணிக்குப் போகும்போது நாம் கடந்து செல்கிற அதே நாகப்பட்டினத்தில்! அன்று அவருக்கு 39 வயது நிறைந்தது. அங்கிருந்து, முத்துக்குளித்துறையில் விட்டுவந்த மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். ஓரிடத்தில் தங்கிவிடாமல் ஊர் ஊராகச் சென்று கிறிஸ்தவர்களைச் சந்திக்க வேண்டும், பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன புத்தி. தம் பிறந்த நாளில் அவர் மற்றவர் வீட்டுக் குழந்தைகளின் பிறப்பை நினைத்துக்கொண்டிருந்தார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீன தேசத்தின் வாசலில் ஒரு தீவில் அவர் உயிர் விட்டபோது, பெற்ற தாய் இல்லை, பிறந்த வீடு இல்லை. அந்தோணி என்ற சீன வாலிபர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். தொண்டுக்குப் போனவனுக்குப் போன இடத்து மக்களே உறவு.

"அவர் பெரிய புனிதர், நாம் சாமானியர்கள்" என்று சிலர் நினைக்கலாம். ஆகையால் ஒரு கல்லூரி மாணவரைக் காட்டுகிறோம். எங்கள் சபையைத் தொடங்கியவர்களில் முதன்மையான பிரெடெரிக் ஓசானாம், 1813 ஏப்ரல் 23-இல் மிலான் நகரில் பிறந்தவர். குடும்பம் லியோன் நகரத்தது. அவர் பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு வந்த அந்த இளைஞருக்கு 1833 ஏப்ரல் 23-இல் 20 வயது நிறைந்தது. அன்றுதான் பாயி என்ற பெரியவரின் பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடி எங்கள் சபையின் முதல் கூட்டத்தை நடத்தினார்கள். ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது, எப்படிப் போய்ப் பார்ப்பது என்று அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி என்ற கன்னிகை. ஓசானாமுக்கு 1997-இல் முத்திப்பேறு பெற்றவர் பட்டம் கிடைத்தது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சபை, ஒரு மாணவரின் பிறந்த நாளில் பிறந்தது.

நம் சமவெளிக்கும் இப்படிப்பட்டவர்களே வந்தார்கள். உரோமையில் பிறந்த தத்துவ போதகர் தே நொபிலி சுவாமி 1623-இல் மதுரையிலிருந்து நடந்து வந்து, நம் நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கரிடம் வரவேற்புப் பெற்றார். பிறகு சேலம் போனார். பிற்காலத்தில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் வந்தார்கள். அவர்கள் புறப்படும்போது, உறவினரும் நண்பரும் அவர்கள் பாதங்களை முத்தமிட்டு அனுப்புவது அந்தச் சபையின் வழக்கம். திரும்பி வரும் எண்ணம் இல்லாமலே அவர்கள் வந்தார்கள். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர் புருனியே ஆண்டவரும் அவர்களில் ஒருவரே. அவர்களுடைய பிறந்த நாட்கள் நம் ஊர் வெயிலில், நம் ஊர்ச் சோற்றில் கழிந்தன. அந்த நாட்களின் பலன்தான் இன்று நாம் கொண்டாடுகிற ஜூபிலி.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பெற்றோருக்கு. தூர தேசத்துப் பிள்ளையின் பிறந்த நாளன்று இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு வைக்கிற பாயசத்தை அக்கம்பக்கத்தில் தனியே இருக்கிற ஒரு முதியவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் பேசும்போது, "கேக் வெட்டினாயா" என்பதோடு நிறுத்தாமல், "இன்று யாரைப் பார்த்தாய், யாருக்கு உதவினாய்" என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, தொண்டுக்குப் போகிற இளைஞருக்கு. பிறந்த நாளைக் கொண்டாடுங்கள், மகிழ்ச்சி பாவமன்று. ஆனால் உங்கள் குழு மட்டும் ஒரு மூலையில் கூடிக் கொண்டாட வேண்டாம். சமைத்துப் போட்டவரும், வண்டி ஓட்டியவரும், உங்களை ஏற்றுக்கொண்ட ஊராரும் கூட இருக்கட்டும். ஏழை ஊராருக்கு உங்களால் செலவு வைக்காதீர்கள். அன்றைய வேலையை முடித்துவிட்டு உட்காருங்கள். உணவு இன்னும் ருசிக்கும்.

மூன்றாவது, நம் அனைவருக்கும். லாரியோடு வட இந்தியா போய் மாதக்கணக்கில் வீடு காணாத ஓட்டுநர்களின் குடும்பங்கள் நாமக்கல் பக்கத்தில் ஏராளம். வெளியூரில் நாள் கழிப்பது என்னவென்று நமக்குத் தெரியும். இன்று நம் கோழிப் பண்ணைகளிலும், நூல் ஆலைகளிலும், விசைத்தறிக் கூடங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்தான் அந்நிய தேசம். அவர்களில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய பெயரைக் கேளுங்கள், பிறந்த நாளைக் கேளுங்கள். அந்த நாளில் ஒரு வேளை சோறு நம் வீட்டில் போடுங்கள். எங்கள் சபை இந்த ஜூபிலி ஆண்டில் அவர்களுடைய பிறந்த நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடத் தீர்மானித்திருக்கிறது. பெயர் சேர்த்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

எங்கோ ஒரு தாய் தன் மகன் இன்று என்ன சாப்பிட்டானோ என்று கலங்கும்போது, "நம் பங்கில் சாப்பிட்டான்" என்பது பதிலாக இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் அப்படி ஒரு வீட்டைக் காட்டுவார்.  இயேசுவுக்கே புகழ்!