விண்ணப்பதாரரின் குறைகூறலும் நிறுவனத்தின் மறுமொழியும்

(பொதுத்துறை நிறுவனங்களின் பணியாளர் துறை அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஆட்சேர்ப்பைப் பற்றிப் பேசும்போது விளம்பரம், எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, நியமன ஆணை என்ற வரிசையோடு நாம் நிறுத்திக்கொள்வது வழக்கம். நியமன ஆணை பெறாதவர்களைப் பற்றி நமது கையேடுகள் பெரும்பாலும் ஒன்றும் கூறுவதில்லை. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. அவர்களுள் ஒருவர், தம்மைத் தேர்ந்தெடுக்காத முறை சரியில்லை என்று எழுதினால் அதற்கு எவ்வாறு மறுமொழி கூறுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அலுவல் முறையில் என் பார்வைக்கு வந்த ஒரு கோப்பிலிருந்து தொடங்குகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. நிர்வாகப் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பித்த பொறியியல் பட்டதாரிப் பெண் ஒருவர், தேர்வு முடிவு வெளியானபின் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். கோபம் இருந்தது, ஆயினும் செய்திகள் தெளிவாக இருந்தன. நேர்முகத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறவேண்டும் என்று விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை பின்னர் புகுத்தப்பட்டது என்பது முதல் குறை. எழுத்துத் தேர்வில் தம்மைவிடக் குறைவாகப் பெற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இரண்டாவது. நேர்முகத் தேர்வு சில நிமிடங்களே நடந்தது, அதிலும் பாதி நேரம் தமது திருமணத்தைப் பற்றிய கேள்விகளில் கழிந்தது என்பது மூன்றாவது.

நிறுவனம் அளித்த மறுமொழி ஒரே வாக்கியம்: "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, அதனை ஏற்பதற்கில்லை." கோப்பில் பரிசீலனையின் சுவடு எதுவும் இல்லை. கடிதம் வந்த மூன்றாம் நாள், அச்சிட்டு வைத்திருந்த படிவம் அனுப்பப்பட்டிருந்தது.

இம்மூன்று குறைகளும் ஒரே தரத்தன அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது முற்றிலும் நியாயமானது. ஆந்திரப் பிரதேச மாவட்ட நீதிபதிகள் தேர்வு தொடர்பான மஞ்சுஸ்ரீ வழக்கில், நேர்முகத் தேர்வு முடிந்தபின் அதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் விதித்தது செல்லாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டம் தொடங்கியபின் விதிகளை மாற்றலாகாது என்ற அந்த நெறியை, விதிகளே இடமளித்தாலொழிய மாற்றக்கூடாது என்ற வரையறையுடன், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்தது. தேர்வுக்குழு நல்லெண்ணத்தோடுதான் இந்த நிபந்தனையை விதித்திருக்கும். நேர்முகத் தேர்வில் மிகவும் பின்தங்கியவர், எழுத்துத் தேர்வின் பலத்தால் மட்டும் நுழைந்துவிடக்கூடாது என்று கருதியிருக்கலாம். அவ்வெண்ணத்தை விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது குறை தவறான புரிதலில் எழுந்தது. எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்முகத் தேர்வு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே தரவரிசையை முடிவு செய்தது. மேலும், ஒதுக்கீட்டுப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு மதிப்பெண் இருந்தது. இதனை ஒரு பத்தியில் விளக்கியிருக்கலாம். நிறுவனம் தன் பக்கம் நியாயம் இருந்த இடத்திலும் வாய் திறக்கவில்லை. விளைவு என்ன? அப்பெண் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தார். அதன்பின் முதல் மேல்முறையீடு, பிறகு மத்தியத் தகவல் ஆணையம் என்று விவகாரம் நீண்டது. முதல் நாளே கொடுத்திருக்கக்கூடிய மதிப்பெண் பட்டியல் இறுதியில் கொடுக்கப்பட்டது. இதற்காகச் செலவான அலுவலர் நேரத்தைக் கணக்கிட்டால், அது பொதுப்பணம் என்பது விளங்கும்.

மூன்றாவதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணியான சி. பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், பெண் அதிகாரிகள் திருமணம் செய்துகொள்ள அரசின் முன்னனுமதி பெறவேண்டும் என்ற விதியை நீதிபதி கிருஷ்ண ஐயர் வன்மையாகக் கண்டித்தார். அது 1979-ஆம் ஆண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், "திருமணமானபின் வேலையைத் தொடர்வீர்களா?" என்று தேர்வுக்குழுவினர் கேட்கிறார்கள், ஆண் விண்ணப்பதாரரிடம் கேட்பதில்லை. பரிவோடு கேட்டோம் என்று சமாதானம் கூறுவது இக்கேள்வியின் தன்மையை மாற்றிவிடாது. நேரக் குறைவைப் பொறுத்தவரையில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கில் (1981) இரண்டு மூன்று நிமிட நேர்முகத் தேர்வின் பொருளின்மையை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. உரையாடலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. நம்மில் எத்தனை நிறுவனங்கள் அதனைச் செய்கின்றன?

நான் பொருளாதாரம் பயின்றவன். ஆகவே அந்தக் கோணத்தையும் சிறிது சொல்லியாக வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் சமமான செய்தியறிவு பெறாத சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதை அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களின் விற்பனையைக் கொண்டு விளக்கினார். வேலைச் சந்தையில் படிப்பும் பட்டமும் ஓர் அடையாளக் குறியாகச் செயல்படுவதை 1973-இல் ஸ்பென்ஸ் ஆராய்ந்தார். ஸ்டிக்லிட்சுடன் சேர்த்து இவர்களுக்கு 2001-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. விண்ணப்பதாரரின் திறமை நமக்குத் தெரியாது என்பதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். நமது நேர்மை அவருக்குத் தெரியாது என்பதும் அதே சிக்கலின் மறுபாதிதான். அதே 1970-இல் ஹிர்ஷ்மன் எழுதிய நூல், ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது மக்கள் ஒன்று விலகிச் செல்கின்றனர் அல்லது குரல் எழுப்புகின்றனர் என்று வகைப்படுத்தியது. விலகிச் சென்றவர் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை. நான்கு பக்கம் எழுதியவர், நாம் கட்டணம் கொடுத்து வரவழைக்கும் ஆலோசகர் தரவேண்டிய செய்தியைச் செலவின்றித் தந்திருக்கிறார்.

"எழுதிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நமக்கெதிராகவே காட்டுவார்கள்" என்று நமது சட்டப்பிரிவினர் எச்சரிப்பதுண்டு. இந்த அச்சம் தலைகீழானது. ஓர் ஆணை அதில் கூறப்பட்ட காரணங்களாலேயே நிற்கவோ வீழவோ வேண்டும், பின்னர் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் (1978) வகுக்கப்பட்ட நெறியை அவர்களே நன்கறிவர். காரணம் கூறாத மறுமொழி நமக்குக் கவசமாகாது.

அதற்காக எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தம் விடைத்தாளைப் பார்வையிடும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011-இல் தீர்ப்பாயிற்று; திருத்தியவரின் பெயரை அறியும் உரிமை இல்லை. குடிமைப் பணித் தேர்வின் மதிப்பெண் விவரங்களை இயந்திரகதியில் வெளியிட உத்தரவிட முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே நியமனம் பெறும் உரிமை வந்துவிடாது என்பதும் 1991-லிருந்து நிலைபெற்ற சட்டம். ஆயினும் அதே தீர்ப்பு, காலியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு முறையான காரணம் வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. கொடுக்க இயலாததைக் கொடுக்க இயலாது என்றும், எந்தப் பிரிவின்கீழ் என்றும் எழுதிவிடலாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மறுமொழியை எழுதுபவர் தேர்வுக்குழுவில் அமர்ந்தவராக இருக்கலாகாது. கடிதத்திலுள்ள ஒவ்வொரு குறையையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். வசைமொழி இருப்பின் அதனைத் தாண்டிச் செல்லுங்கள். பல மாதங்கள் காத்திருந்தவர் இனிமையாக எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. விண்ணப்பதாரரின் சொந்த மதிப்பெண்கள், அவருடைய பிரிவின் வரம்பு மதிப்பெண், மேல்முறையீடு செய்யவேண்டிய அதிகாரியின் பதவி ஆகிய மூன்றும் கடிதத்தில் இடம்பெற வேண்டும். "வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்ற வரியை விட்டுவிடலாம்.

குறை உண்மையெனத் தெரிந்தால் வருத்தம் தெரிவிக்கும் கடிதம் போதாது. நியமன ஆணைகள் வெளிச்செல்லுமுன் தெரிந்தால், விளம்பரத்தில் சொன்ன விதிப்படி பட்டியலைத் திரும்பத் தயாரிக்க வேண்டும். ஆணைகள் சென்றபின் தெரிந்தால், இடமிழக்கக்கூடியவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, அவர்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். இது சங்கடமான வேலை. நான் பார்த்த அந்தக் கோப்பிலும் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. ஆனால் முதல் மூன்று நாட்களில் கடிதத்தை ஒருவர் முழுமையாகப் படித்திருந்தால், ஆணைகள் அப்போது அச்சாகிக்கூட இருக்கவில்லை என்பதைக் கண்டிருப்பார்.

2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டதால் இத்தகைய கடிதங்கள் நின்றுவிடும் என்று சிலர் எண்ணினர். விடைக்குறிப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, திறன் தேர்வு ஆகியவை குறித்த கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கென ஒரு தனிப் பதிவேடு தொடங்குங்கள். அடுத்த விளம்பரத்தின் வரைவு உங்கள் மேசைக்கு வரும் நாளில், அந்தப் பதிவேட்டையும் உடன் கொண்டுவரச் சொல்லுங்கள்.