தொழிலுக்கு ஏற்ற மடிக்கணினி

தச்சன் உளி வாங்கும்போது பிடியிலுள்ள வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை. இரும்பின் தரத்தைப் பார்க்கிறான். உழவன் மாடு வாங்கச் சென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டும் பார்க்கிறான். தொழிற் கருவியைத் தெரிவு செய்வதில் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த நிதானம் இது. இன்று கந்தோர் வேலைக்கும், கல்விக்கும், வாணிபத்திற்கும் இன்றியமையாத கருவியாகிவிட்ட மடிக்கணினியை வாங்கும்போது மட்டும் இந்நிதானம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. கடையின் விளக்கொளியும், பெட்டியின் மினுக்கும், தவணைக் கட்டண விளம்பரமும் சேர்ந்து வாங்குவோரின் கண்ணை மறைத்துவிடுகின்றன.

கையிற் கொண்டு செல்லத்தக்க கணினிகளுள் முதன்முதலில் வணிக வெற்றி பெற்றது 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒஸ்போர்ன் 1 என்பதாகும். அதன் நிறை ஏறத்தாழ 11 கிலோகிராம்; திரையின் அளவு 5 அங்குலம்; விலை 1,795 டொலர். அதனோடு ஒப்பிட்டால் இன்றைய கருவிகள் மலிவானவையே. ஆயினும் இலங்கைக் குடும்பமொன்றுக்கு அம்மலிவு முழுமையாக வந்து சேர்வதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 500 டொலர் பெறுமதியான கணினியொன்று, வரிகள் நீங்கலாகவே, 1 இலட்சம் ரூபாவிலிருந்து 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. சம்பளம் அவ்வேகத்தில் உயரவில்லை. நகையை ஈடு வைத்தோ, சம்பளத்தின்மேற் கடன் பெற்றோ கணினி வாங்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. அவ்வாறு பெற்ற பணம் வீணாகலாகாது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

முதலில் எழ வேண்டிய வினா, “எந்தக் கணினி நல்லது?” என்பதன்று, “இதைக்கொண்டு செய்யப்போகும் வேலை யாது?” என்பதேயாகும். கடிதம், கணக்கு, மொழிபெயர்ப்பு, இணையவழி வகுப்பு ஆகியவற்றுக்கு நடுத்தர ஆற்றல் போதும். கட்டட வரைபடம், நிகழ்படத் தொகுப்பு போன்றவற்றுக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். முதல் வகைத் தொழில் செய்பவர் இரண்டாம் வகைக் கருவிக்குப் பணம் கொடுப்பது, கிணற்றடித் தோட்டத்தை உழுவதற்குப் பெரிய உழவு இயந்திரம் வாங்குவதை ஒக்கும்.

வேலை இன்னதெனத் தெளிந்தபின் ஆராய வேண்டிய உறுப்புகள் மூன்று. ஒன்று, கடைக்காரர் ‘றாம்’ எனச் சொல்லும் நினைவகம். இது மேசையின் பரப்பைப் போன்றது. மேசை சிறிதாயின் ஒரு கோப்பை எடுத்து வைத்தபின்னரே மற்றொன்றை விரிக்க முடியும். விண்டோஸ் 11 முறைமைக்கு 4 கிகாபைற் குறைந்தபட்ச அளவு எனக் கூறப்படினும், தொழில் செய்வோருக்கு 8 கிகாபைற் இருத்தல் அவசியம். 16 இருப்பின் நன்று.

இரண்டாவது, சேமிப்பகம். சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டுக்கும் ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் உள்ள வேகவேறுபாடு, கணினியைத் திறந்த கணத்திலேயே புலப்படும். பழைய கணினி மந்தமாயிற்று எனக் கருதுவோர், வன்தட்டை நீக்கி இதனைப் பொருத்தினாலே பல ஆண்டு உழைப்பை அதிலிருந்து பெறலாம். 256 கிகாபைற் அளவு சாதாரண வேலைக்குப் போதுமானது.

மூன்றாவது, முறைவழியாக்கி. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இன்டெல் நிறுவனத்தின் ‘ஐ7’ என்ற பெயரைக் கண்டவுடன் அது ‘ஐ3’ ஐவிட உயர்ந்தது என எண்ணிவிடுகின்றனர். பெயரைத் தொடர்ந்து வரும் இலக்கமே அதன் தலைமுறையைக் காட்டும். 8250 என்பது எட்டாம் தலைமுறை. 1135 என்பது பதினோராம் தலைமுறை. நான்காம் தலைமுறை ஐ7 ஒன்றைப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 எளிதில் முந்திவிடும். விண்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, இன்டெல் முறைவழியாக்கிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கின்றது. அதற்கு முற்பட்ட கருவியொன்று மலிவாகக் கிடைத்தாலும், அம்மலிவுக்குரிய காரணத்தை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்த்தும் தட்டச்சு செய்தும் குடும்பத்தைக் காக்கும் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரே விலையில் இரு கருவிகள் அவர்முன் வைக்கப்படுகின்றன. ஒன்று புத்தம் புதியது. ஆனால் 4 கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பின்னர் கூட்ட இயலாது. மற்றையது, ஏதோவொரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பயன்பட்டு விற்பனைக்கு வந்தது. மூலையிற் சிறு கீறல் உண்டு. 2018 அளவில் வெளிவந்த திங்க்பாட் டி480, லற்றிற்யூட் 5490 போன்ற அவ்வகைக் கருவிகள் நிறுவனப் பாவனைக்கென உறுதியாக அமைக்கப்பட்டவை. நினைவகத்தைக் கூட்டலாம், சேமிப்பகத்தை மாற்றலாம், விசைப்பலகையும் பழுதடைந்தால் மாற்றத்தக்கதே. முதலாவதை வாங்கினால் உறவினர் பாராட்டுவர். ஓராண்டு செல்லுமுன்பே அப்பெண்மணி ஒவ்வொரு கோப்புக்கும் காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்கும் நேரம் அவருக்குக் கூலியில்லாத நேரம். இரண்டாவதே அவருக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பழைய கருவியை வாங்குவோர் மாட்டின் பல்லைப் பார்ப்பது போலச் சிலவற்றைப் பார்த்தே தீரவேண்டும். எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கறையோ கோடோ உண்டா எனக் காணவேண்டும். கமராவையும் ஒலிவாங்கியையும் இயக்கிப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, சூடு மிகுகின்றதா எனக் கவனிக்க வேண்டும். முன்னைய நிறுவனத்தின் கடவுச்சொற் பூட்டு இருக்கின்றதா என்பது மிக முக்கியம். அப்பூட்டு நீங்காத கருவி, முறைமையைப் புதிதாக நிறுவும் நாளில் பயனற்றுப் போகக்கூடும்.

மின்கலத்தின் நிலையை விற்பவரின் வாய்ச்சொல்லால் அறியவேண்டியதில்லை. விண்டோஸ் முறைமையிலேயே மின்கல அறிக்கை பெறும் வசதி உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அதில் காணப்படும். பின்னையது முன்னையதில் பாதியளவே எனின், புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்தே பேரம் பேசவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டதும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடளாவிய மின்தடைக்கு உள்ளானதுமான இந்நாட்டில் மின்கலத்தை ஆடம்பரம் எனக் கருத முடியாது.

மென்பொருளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. லிப்ரே ஒபிஸ் என்னும் தொகுதி இலவசமாகக் கிடைப்பது. கடிதத்திற்கும் கணக்குக்கும் அது போதும். விண்டோஸ் 11 ஐ ஏற்காத கருவியை ஏற்கனவே வைத்திருப்போர், லினக்ஸ் மின்ற் போன்ற இலவச முறைமையை நிறுவிப் பயன்படுத்தலாம். ஆனால் தம் தொழிலுக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவையா என்பதை முன்னரே விசாரித்தறிதல் நன்று. தமிழில் எழுதுவோர் ஒருங்குறி முறையையே கைக்கொள்ள வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்.

இறுதியாக, பணத்தைக் கொடுக்குமுன் கடதாசியில் ஒரு கணக்கு எழுதுவது தகும். கருவியின் விலை, நினைவகம் கூட்டும் செலவு, மின்கலம், பிரதிகளைப் பாதுகாக்கும் வெளிச் சேமிப்பகம், தவணையாயின் வட்டி ஆகிய அனைத்தையும் கூட்டி, உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்தால் உண்மையான விலை தெரியவரும். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டிலே எழுதிப் பெறுதல் வேண்டும். கருவியின் தொடரிலக்கமும் அதில் இருத்தல் வேண்டும். பழுதுபார்ப்பவர் தம் ஊரிலோ அண்மைய நகரிலோ உள்ளாரா என்பதையும் கேட்டறிதல் நலம். முல்லைத்தீவில் வாழ்பவர் ஒவ்வொரு சிறு பழுதுக்கும் கொழும்புக்குப் பயணஞ் செய்ய நேருமாயின், மலிவாக வாங்கியது மலிவாகாது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. வேலைக்குத் தகுந்த கருவி, வருவாய்க்குத் தகுந்த விலை, வாங்குமுன் பொறுமையான சோதனை ஆகிய மூன்றும் அமைந்தால், ஈடு வைத்த நகையை அக்கருவி தரும் உழைப்பாலேயே மீட்டுக்கொள்ளலாம்.