பின்தங்கும் மாணவரும் தொண்டர் துணையும்

பள்ளியில் பெயர் பதிவாகிவிட்ட பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நிர்வாகத்தின் நெடுநாளைய வழக்கம். புள்ளிவிவரங்கள் அவ்வாறே தொகுக்கப்படுகின்றன. நிதி ஒதுக்கீடும் அதனையொட்டியே அமைகிறது. ஆனால் பெயர்ப் பதிவுக்கும் கல்விக்கும் இடையே உள்ள தூரம் 1929-ஆம் ஆண்டிலேயே ஹார்டாக் குழுவின் கண்ணில் பட்டது. பள்ளியை விட்டு இடையில் நின்றுவிடுவதை ‘விரயம்’ என்றும், ஒரே வகுப்பில் ஓர் ஆண்டுக்கு மேல் தங்கிவிடுவதைத் ‘தேக்கம்’ என்றும் அக்குழு பிரித்துக் காட்டியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் இவ்விரண்டையும் மீண்டும் ஆராய நேர்ந்தது.

இன்று தேக்கம் வேறு உருவம் கொண்டுள்ளது. பிள்ளை ஆண்டுதோறும் வகுப்பு மாறுகிறது; அதன் வாசிப்பு மாறுவதில்லை. ‘அசர்’ எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கையின்படி, கிராமப்புறங்களில் 3-ஆம் வகுப்பு மாணவர்களில் 2-ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் 27.3 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், 2022-இல் இது 20.5 சதவீதமாகச் சரிந்தது. 2024-இல் 27.1 சதவீதமாக மீண்டிருக்கிறது. இழந்ததை ஏறத்தாழ மீட்டது பாராட்டத்தக்கதே. எனினும் நால்வரில் ஏறக்குறைய மூவர் தம் வகுப்புக்குக் கீழே நிற்கின்றனர் என்பதும் அதே எண்ணில் அடங்கியிருக்கிறது.

இவர்களுடன் அருகே உட்கார்ந்து படிக்க வைப்பவர் யார் என்பதே கேள்வி. பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியர், முன்வரிசை மாணவர்களோடு நகர்ந்துவிடுகிறார். வசதியுள்ள குடும்பம் தனிப்பயிற்சிக்குச் செலவிடுகிறது. மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொண்டர்களைத் தவிர வேறு வழி எளிதில் தென்படுவதில்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, எழுத்தறிவுடைய ஒவ்வொருவரும் ஒருவருக்கேனும் வாசிக்கக் கற்பிக்க முன்வரலாம் என்று கருதுகிறது. ஓய்வுபெற்றோர், அலுவலர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் பள்ளிகளோடு இணைந்து பணியாற்ற வழி செய்யும் ‘வித்யாஞ்சலி’ 2.0 வலைத்தளம் 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். வாரத்திற்கு இரு நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டால், முப்பது வாரங்களுக்கு ஒரு சிறு குழுவை அவர் கவனித்துக்கொள்ள இயலும். அந்நேரத்தில் பெரும்பகுதி வளாகத் துப்புரவிலும் ஊர்வலங்களிலும் கழிந்துவிடுவது வருந்தத்தக்கது.

தொண்டர்களால் கற்பிக்க முடியுமா என்னும் ஐயம் அதிகாரிகளிடையே உண்டு. இதற்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. மும்பையிலும் வதோதராவிலும் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ‘பாலசகி’ என்னும் ஏற்பாடு பொருளியல் ஆய்வாளர்களால் மதிப்பிடப்பட்டது. அதே பகுதியைச் சேர்ந்த இளம் பெண்கள், சிறு ஊதியம் பெற்றுக்கொண்டு, 3, 4-ஆம் வகுப்புகளில் பின்தங்கியவர்களைத் தனியே அழைத்து நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கற்பித்தனர். பிள்ளைகளின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. ஏற்பாடு நின்ற ஓராண்டுக்குப் பின் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதி தேய்ந்துபோனது என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை.

இதைவிடச் சிந்தனைக்குரியது, 2005–06-இல் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடைபெற்ற சோதனை. அங்கு ஊதியமில்லாத ஊர்த் தொண்டர்கள் சிறிது பயிற்சி பெற்று வாசிப்பு முகாம்கள் நடத்தினர். முகாமுக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகள் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். ஆனால் வந்தவர்கள் மொத்தப் பிள்ளைகளில் 8 சதவீதமே. வாசிக்கவே தெரியாத பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. பொருளியல் மொழியில் சொல்வதானால், அங்கே தட்டுப்பாடு கற்பிப்பவரிடம் இல்லை. கற்க வருவோரிடம் இருந்தது. சேவை இலவசமாகக் கிடைத்தும் அதற்கு வேண்டுகோள் எழவில்லை.

ஏன் வரவில்லை? வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, தூரம் ஆகியவை யாவும் காரணங்களே. அவற்றோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். ‘மக்கு’ என்ற பெயரைப் பகல் முழுவதும் சுமந்த பிள்ளை, மாலையில் அதே பெயரை மீண்டும் கேட்கத் தானாகவே வரும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தனது 29-ஆம் பிரிவில் பிள்ளையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிப்பதைக் கல்வியின் கடமையாகவே வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் இவ்வாசகம், கட்டடம் கழிப்பறை பற்றிய வாசகங்களைப்போல ஆய்வாளரின் படிவத்தில் இடம்பெறுவதில்லை. அளக்க முடியாதது எதுவும் படிவத்தில் ஏறுவதில்லை.

கலைகள் இங்கேதான் பயன்படுகின்றன. இது புதிய கருத்தன்று. பாவ்நகரில் 1920-இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, ‘பகல் கனவு’ என்று தமிழிலும் வந்துள்ள தம் நூலில், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டு ஏற்றுக்கொண்டு செய்யும் சோதனையை விவரிக்கிறார். அவ்வாசிரியர் பாடப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பு கதை சொல்கிறார், பிறகு விளையாட்டு, பிறகு நாடகம். அடங்காத வகுப்பு கதைக்கு அடங்குகிறது. 1956-இல் தொடங்கிய தேசிய பால பவனும், 1989-இல் தேசிய நாடகப் பள்ளி அமைத்த கல்வி நாடகக் குழுவும் இவ்வழியின் பிற்கால முயற்சிகள். பள்ளிகளில் கலை ஒருங்கிணைந்த கற்பித்தல் என்னும் பெயரில் இன்று இது மீண்டும் வலியுறுத்தப்படுகிறது.

எனினும் கலை என்றவுடன் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்ப்பது என்று பொருள் கொள்ளும் பழக்கம் வலிமையானது. ஆண்டு விழாவில் மேடையேறுபவர் நன்றாகப் படிக்கும் பிள்ளையே. பின்தங்கியவர் திரை இழுப்பார், நாற்காலி தூக்குவார். தொண்டர் செய்ய வேண்டியது வேறு. மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர்ப் பகுதியில் ‘பட்டுவா’க்கள் எனப்படும் ஓவியர்கள் நீண்ட சுருளில் கட்டம் கட்டமாகக் கதையை வரைந்து, சுருளை விரித்துக்கொண்டே பாடிச் செல்வர். அதே முறையைப் பழைய செய்தித்தாளிலும் கரித்துண்டிலும் செய்து பார்க்கலாம். பிள்ளை தன் ஊர்ச் சந்தையை ஐந்து கட்டங்களில் வரைகிறது. ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் வாய்மொழியாகச் சொல்கிறது. தொண்டர், பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல், கட்டத்தின் கீழே எழுதுகிறார். பிறகு அதைப் பிள்ளையே வாசிக்கிறது. தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் பொருள் தெரியாத சொல் ஒன்றும் அதில் இல்லை. எழுத்துகளை மட்டுமே அடையாளம் காண வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் சுருளின் கீழ் வரியைப் பிள்ளையே எழுத முற்படும். முதலில் பிழைகளை எண்ணாதிருப்பது நலம். வரைதல் இங்கு பொழுதுபோக்கன்று. எழுத்தை நோக்கிய பாதை. அப்பாதை எழுத்தைச் சென்று சேராவிட்டால், பிள்ளை மகிழ்ந்திருக்கும், பின்தங்கியும் இருக்கும்.

விலங்குகளைப் பற்றிய செய்தி பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அமெரிக்க உளவியலறிஞர் போரிஸ் லெவின்சன், எவரோடும் பழகாத ஒரு சிறுவன் தம் அறையிலிருந்த ‘ஜிங்கிள்ஸ்’ என்ற நாயுடன் தயக்கமின்றி ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1962-இல் அது பற்றி அவர் எழுதிய கட்டுரை, நாயைச் சிகிச்சையாளரின் துணைவன் என்று வருணித்தது. 1999-இல் அந்நாட்டின் சால்ட் லேக் நகரில், வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பயிற்சி பெற்ற நாயின் அருகில் அமர்ந்து அதற்குப் படித்துக் காட்டும் ஏற்பாடு தொடங்கி, பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியது. இதன் அடிப்படை எளியது. நாய் பிழை திருத்துவதில்லை; கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; பக்கத்து மாணவனோடு ஒப்பிடுவதும் இல்லை. நம் நாட்டிலும் பெருநகரங்களில் சில தன்னார்வ அமைப்புகள் இத்தகைய நாய்களைப் பள்ளிகளுக்கு அழைத்துச் செல்கின்றன.

ஆயினும் அந்த ஏற்பாட்டை அப்படியே நாடெங்கும் பரப்ப முடியாது, பரப்பவும் கூடாது. உலகில் வெறிநாய்க்கடியால் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது; அவர்களில் பிள்ளைகள் மிகுதி. நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிக்கும் தேசியச் செயல் திட்டம் 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. இந்நிலையில் தெருவில் திரியும் நாயைப் பரிவின் பெயரால் வகுப்பறைக்குள் கொண்டுவரும் தொண்டர் ஆபத்தையே கொண்டுவருகிறார். தடுப்பூசிச் சான்று, குடற்புழு நீக்கம், குணச் சோதனை, எப்போதும் அருகில் இருக்கும் பராமரிப்பாளர் ஆகியவை இல்லாத நாய்க்குப் பள்ளியில் இடமில்லை. பிறாண்டல் ஏற்பட்டால்கூடச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதைத் தொண்டரும் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். கூண்டுக் கிளியும் கூடாது. நாட்டுக் கிளிகளைப் பிடித்து அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கிராமப் பள்ளிக்கு ஏற்றது ஆடும் கோழியும் கன்றும்தான். அவை ஏற்கனவே பிள்ளையின் வீட்டில் இருக்கின்றன. நகரத்துத் தொண்டர் பலருக்கு ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரியாது. வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவனுக்குத் தெரியும். அவன் சொல்ல, தொண்டர் கற்றுக்கொள்கிறார். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் எவரும் அவனிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இந்த ஒரு மாற்றம் பல பயிற்சித் தாள்களுக்கு ஈடாகும். கோழி அடைகாக்கத் தொடங்கிய நாளைக் குறித்து, 21 நாள் கூட்டிக் குஞ்சு பொரிக்கும் தேதியைக் கணிப்பதும், சினையாட்டுக்கு ஏறத்தாழ 150 நாள் என்று நாட்காட்டியில் எண்ணுவதும், குட்டியின் எடையை வாரந்தோறும் குறித்து வருவதும் கூட்டல் கழித்தல் கணக்குகளே. வார்தா கல்வித் திட்டம் 1937-இல் உழைப்பையும் கல்வியையும் இணைக்க முனைந்தபோது எண்ணியதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. விலங்குக்கும் ஓய்வு உண்டு. முப்பது பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கும் ஆட்டுக்குட்டி நலிந்துவிடும். அதனைத் தொந்தரவு செய்யாதிருக்கக் கற்பதும் பாடமே.

தொண்டர் தம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளுள் சேர்த்துள்ளது. பிள்ளைக்கு அக்குறைபாடு உண்டா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் தகுதி பெற்ற வல்லுநர். ஓவியத்தில் கறுப்பு வண்ணம் மிகுந்திருப்பதைக் கண்டு பிள்ளையின் மனத்தைப் படித்துவிட்டதாக எண்ணும் தொண்டர்கள் உண்டு. கறுப்புச் சாயக்கட்டி மட்டுமே மிஞ்சியிருந்திருக்கலாம். அடி, துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொல்லுமானால் அது வேறு செய்தி. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது தொண்டர் நின்றுவிடுவது. தேர்வு வருகிறது, வேலை கிடைக்கிறது, மாறுதல் ஆணை வருகிறது. பெரியவர்கள் தன்னைக் கைவிடுவர் என்று ஏற்கனவே நம்பும் பிள்ளைக்கு, நான்கு மாதம் வந்து சொல்லாமல் மறைந்துபோகும் தொண்டர் அதை உறுதிப்படுத்திவிட்டுச் செல்கிறார். அவர் வராமலே இருந்திருந்தால் இழப்பு குறைவு. ஆகவே ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கைவிட, அக்குழுவுக்கு இருவர் என்ற ஏற்பாடு சிறந்தது. ஒருவர் விலகும்போது மற்றவர் தொடர்வார். பிள்ளை எந்த எழுத்துவரை வந்தது, எந்தக் கதையை விரும்பியது, எந்த ஆட்டுக்கு என்ன பெயரிட்டது என்பதைக் குறிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தொண்டரின் கையில் இராமல் பள்ளியில் இருக்க வேண்டும். விலகுபவர் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி விடைபெறுவதை விதியாகவே வைக்கலாம்.

செலவு பெரிதன்று. காகிதம், வண்ணப்பொடி, தொண்டரின் பேருந்துக் கட்டணம், கால்நடை மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து செல்வது ஆகியவையே அதன் இனங்கள். பாலசகிகளுக்கு அளித்தது போன்ற சிறு மதிப்பூதியம் சேர்ந்தால் வருகை நிலைபெறும். தொண்டு என்ற பெயர் அதனால் கெட்டுவிடாது. இடர்ப்பாடு தலைப்பில்தான் எழும். கால்நடை மருத்துவரின் வருகையைக் கல்விச் செலவாக எழுதுவதா, கால்நடைத் துறையின் செலவாக எழுதுவதா என்று கேட்டுக் கோப்பு மேலே அனுப்பப்படும். அதனை மாவட்ட அளவிலேயே முடிவு செய்யும் அதிகாரத்தை அளித்துவிட்டால், கோப்பு தில்லிவரை சென்று திரும்பும் மாதங்களில் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பருவம் வீணாகாது.