மூன்று வரியும் ஒரு பருவமும்



ஜப்பானியக் கவிதையைத் தமிழருக்கு எடுத்துச் சொன்ன முன்னோடி பாரதியார். கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு, 1916இல் சுதேசமித்திரனில் அதுபற்றிக் கட்டுரை எழுதினார். சொல்லைச் சுருக்கிப் பொருளைப் பெருக்கும் கலை அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. பின்னர் 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய ஐக்கூ (மூன்று வரிக் கவிதை) தொகுப்புகள் வந்தன. இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஐக்கூ எழுதுகிறார்கள்.

இந்தப் பரவல் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் மூன்று வரியை வாங்கிக்கொண்ட நாம், அந்த வரிகளைத் தாங்கி நிற்கும் பருவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

ஜப்பானில் பருவம்தான் கவிதையின் முதுகெலும்பு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணையால் தொகுக்கப்பட்ட 'கொக்கின்ஷு', தன் இருபது பகுதிகளில் முதல் ஆறினை வசந்தம் தொடங்கிப் பனிக்காலம் வரையிலான பருவங்களுக்கே ஒதுக்கியது. கவிஞர் பாஷோவின் (1644–1694) காலத்தில் புலவர்கள் கூடித் தொடர்கவிதை பாடும்போது, முதற்பாட்டு அவர்கள் கூடியிருந்த பருவத்தைச் சுட்டியாக வேண்டும். அந்த முதற்பாட்டைத் தனிக்கவிதையாக நிறுத்தி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கூ என்று பெயரிட்டவர் மசவோகா ஷிகி. பருவச் சொற்களை வகைப்படுத்தும் 'சைஜிகி' என்ற கையேட்டை ஜப்பானியக் கவிஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அதன்படி தவளை என்றால் வசந்தம், நிலா என்றால் இலையுதிர்காலம். அந்த ஒரு சொல்லோடு காற்றும் வெளிச்சமும் ஈரமும் கவிதைக்குள் வந்துவிடுகின்றன.

நமக்கு இது அந்நியமன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே வைத்தது தொல்காப்பியம். மூன்றடி முதல் ஆறடி வரையிலான ஐந்நூறு பாடல்களைக் கொண்ட ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் ஒரு சேர மன்னன், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அதில் அம்மூவனார் சேரரின் தொண்டித் துறைக்கென்றே பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். குறும்பாட்டுக்குள் கடற்கரையைக் கொண்டுவந்த அந்த மரபு பிறந்த சேரநாட்டில்தான் நாம் இன்று கூடியிருக்கிறோம்.

கொச்சியின் இந்தத் தோப்பும்படிக்கு என்ன பருவச் சொற்கள் உண்டு? துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜூன் 9 நள்ளிரவில் இழுவலைத் தடை தொடங்குகிறது. 52 நாள் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக்கிடக்கின்றன. படகில் வேலைசெய்யும் குமரிக் கடற்கரைத் தொழிலாளிகள் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். ஐஸ் ஆலைகளின் வேலை குறைகிறது. ஜூலை 31 நள்ளிரவு கழிந்ததும் படகுகள் கடலுக்குள் பாய்கின்றன. 'தடை நீங்கிய இரவு' என்று ஒருவர் எழுதினால், இவ்வூர்க்காரருக்கு மழையும் கடனும் நம்பிக்கையும் சேர்ந்தே விளங்கும். எந்த ஜப்பானியக் கையேட்டிலும் கிடைக்காத சொல் அது.

ஆகவே இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐக்கூ எழுதுவதற்கு முன் ஓராண்டு, மாதம்தோறும் இவ்வூரின் பருவச் சொற்களைக் குறித்து வையுங்கள். மீன்காரரிடமும் படகோட்டிகளிடமும் கேட்டு எழுதுங்கள். அந்தக் குறிப்புகள் சேர்ந்தால் கொச்சித் தமிழரின் முதல் பருவக் கையேடு உருவாகும். பாஷோவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அம்மூவனாருக்குச் செய்ய வேண்டிய கடமையும் அந்த ஒரே வேலையில் நிறைவேறும்.